தொட்டி யார் வாசலில் நிற்கிறது?

குப்பைத் தொட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆணவக் கொலை, பஞ்சமி நிலம், காலிப் பணியிடங்கள் என்று பேச வேண்டியவை வரிசையில் நிற்கும்போது தெருமுனையில் நிற்கும் ஒரு பச்சைத் தொட்டியா? ஆமாம், அதுதான். கடந்த ஓராண்டில் எங்கள் தெருவை அதிகம் பேச வைத்ததும், சண்டை போட வைத்ததும், மனு எழுத வைத்ததும் அந்தத் தொட்டிதான்.

எங்கள் குடியிருப்பு வடசென்னையில் இருக்கிறது. குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்தது. 2021-ல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். எங்களுக்கு இன்றும் அது ‘போர்டு’தான். போர்டுக்கு எதிரே, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், சில வருடங்களுக்கு முன்பு எட்டு மாடி அடுக்ககம் ஒன்று எழுந்தது. தொட்டி அந்தப் பக்கத்தில்தான் பல ஆண்டுகளாக இருந்தது. அவர்களும் அதில் கொட்டினார்கள், நாங்களும் அதில்தான் கொட்டினோம். போன வருடம் ஒருநாள் காலையில் பார்த்தால் தொட்டி எங்கள் தெருமுனையில், அம்பேத்கர் படிப்பகத்துக்கு நேர் எதிரே நின்றது. விசாரித்தோம். அடுக்ககத்தார் புகார் கொடுத்தார்களாம். ‘பார்க்க அசிங்கமா இருக்கு’ என்பதுதான் புகார்.

இந்தச் சொற்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நாறுகிறது என்றோ, கொசு பெருகுகிறது என்றோ, நாய்கள் கிளறுகின்றன என்றோ புகார் சொல்லவில்லை. அவை தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். மூடி போடலாம், இரண்டு வேளை அள்ளலாம். ‘பார்க்க அசிங்கம்’ என்றால் ஒரே தீர்வுதான். கண்ணில் படாத இடத்துக்கு அதைத் தள்ள வேண்டும். அப்படியானால் யார் கண்ணில் படாத இடத்துக்கு? எங்களுக்கும் கண் இருக்கிறதே.

படிப்பகத்தில் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டோம். ‘அந்தத் தொட்டி உங்களுக்குப் பார்க்க எப்படி இருக்கிறது?’

அடுக்ககத்தின் வாசலில் ஒரு பெரியவர் நல்லபடியாகத்தான் பேசினார். வீட்டுக்குக் கடன் வாங்கியிருப்பதாகவும், கேட்டுக்கு முன்னால் குப்பைத் தொட்டி இருந்தால் வாடகைக்குக்கூட ஆள் வர யோசிப்பதாகவும் சொன்னார். ‘தம்பி, தப்பா நினைக்காதீங்க. அங்க இருந்தா யாருக்கும் வித்தியாசமா தெரியாது’ என்றார். கோபம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் தெருமுனையில் தொட்டி நின்றால் அது இயல்பாகத் தெரியும் என்று அவர் மனதார நம்பினார். பிள்ளைகள் அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இஸ்திரி வண்டிக்காரர், மூடி இருந்தால் போதும், சாம்பல் கொட்ட வசதி என்றார். டீக்கடை அண்ணன், தொட்டி வந்ததிலிருந்து பெஞ்சில் ஆள் உட்கார்வதில்லை என்றார். எங்கள் மாடியில் இருக்கும் ஆயா, ‘எப்ப இல்ல இங்க குப்ப? இப்பதான் புதுசா பாக்குறீங்களா?’ என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி சொன்னதுதான் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது. உணவு கொண்டு வரும் டெலிவரி பையன்கள் போனில் ‘குப்பத்தொட்டி இருக்கிற தெருவா?’ என்று கேட்கிறார்கள். ஸ்கூல் வேன் டிரைவரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார். அவள் இப்போது இரண்டு தெரு தள்ளி இறங்கி நடந்து வருகிறாள். எங்கள் தெருவுக்கு ஒரு பெயர் இருந்தது. தொட்டி வந்து சில மாதங்களில் அந்தப் பெயரைத் தின்றுவிட்டது.

கடைசியாக, தொட்டியை அள்ளும் அக்காவைக் கேட்டோம். அவரும் எங்கள் போர்டில்தான் இருக்கிறார். விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ‘தொட்டி எப்படி இருக்குன்னு நான் எங்கப்பா பாத்தேன்? சக்கரம் ஓடுதா, மூடி தூக்க வருதா, உள்ள கண்ணாடி கிடக்குதா, அதான் பாப்பேன். டயப்பரை அப்படியே போடுறாங்க. ஊசி கிடக்கும். கையுறை ஒரு வாரத்துல கிழிஞ்சிடும்.’ நாங்கள் கேட்டவர்களில் தொட்டியின் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும், எங்களையும் சேர்த்து, அது வெளியிலிருந்து பார்க்கும் ஒரு பொருளாகவே இருந்தது.

எங்கள் பெற்றோர் காலத்தில் தொட்டி என்றால் கிணற்றுக்கு இறக்குவது போன்ற சிமெண்ட் உறை. அடியில் மண், மேலே திறந்த வானம். மழை பெய்தால் எல்லாம் ஊறிப் போகும். அதை அள்ள வேண்டுமானால் உள்ளே குனிய வேண்டும், சில நேரம் உள்ளேயே இறங்க வேண்டும். கூடையில் வாரித் தலையில் தூக்கி வண்டியில் போட்டார்கள். உறையை வடிவமைத்தவர்கள் அதில் எவ்வளவு கொள்ளும் என்று யோசித்திருப்பார்கள். அள்ளுகிறவரின் முதுகு எத்தனை முறை வளையும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு இரும்புத் தொட்டிகள் வந்தன. துருப்பிடித்து அடி விட்டுப் போகும், விளிம்பு கையைக் கிழிக்கும். இப்போது சக்கரம் வைத்த 1,100 லிட்டர் பச்சை பிளாஸ்டிக் தொட்டி. லாரி வந்து தானாகத் தூக்கிக் கவிழ்க்கும் என்று சொல்லிக் கொண்டு வந்தார்கள். மூடி உடைந்து, ஒரு சக்கரம் கழன்ற பிறகு அதை லாரி வரை இழுப்பது மறுபடியும் மனிதக் கைகள்தான்.

பாரிஸ் நகரத்தில் 1883-ல் யூஜின் பூபெல் என்ற நிர்வாக அதிகாரி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூடியுள்ள குப்பைப் பாத்திரங்கள் கட்டாயம் என்று ஆணையிட்டார். மக்குவது தனி, காகிதமும் துணியும் தனி, கண்ணாடியும் பீங்கானும் சிப்பியும் தனி. பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான். நகரம் சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் தெருக் குப்பையைக் கிளறிப் பிழைத்துவந்த கந்தல் பொறுக்கிகள் தங்கள் பிழைப்பு போகிறது என்று எதிர்த்தார்கள். அவர்களைக் கேட்டு அந்த ஆணை போடப்படவில்லை.

சென்னைக்கும் இதே போன்ற ஒரு பெயர்க் கதை உண்டு. 2000-ம் ஆண்டில் மாநகராட்சியின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. அந்த ஒப்பந்தம் 2007-ல் முடிந்தது. ஆனால் சென்னையில் பல வீடுகளில் இன்றும் ‘ஓனிக்ஸ்காரங்க வந்துட்டாங்க’ என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனி போய்விட்டது, பெயர் நிற்கிறது. அள்ளுகிற மனிதரின் பெயரோ தினமும் அவர் வந்து நிற்கும் வாசலில்கூட யாருக்கும் தெரிவதில்லை. 2020-ல் அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதை ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. சொல் மாறியதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. மாறிய சொல்லுக்குக் கீழே சம்பளமும் பணி நிரந்தரமும் மாறியதா என்றுதான் கேட்கிறோம்.

‘அசிங்கம்’ என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அசிங்கம் என்பது கண்ணுக்குத் தெரிவது என்று நாம் நினைக்கிறோம். 1927 மார்ச்சில் மகத் சவுதார் குளத்தில் பாபாசாகேப்பும் அவரோடு வந்தவர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எதை ஊற்றி? மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்த குடங்களை ஊற்றி. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் அவர்களுக்கு அசுத்தமாகத் தெரிந்தது. சாணம் கரைத்த பிறகு சுத்தமாகத் தெரிந்தது. அதற்கு 95 வருடம் கழித்து, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. எது எங்கே கிடந்தால் அசிங்கம், எது யாருக்குப் போதும் என்பதைக் கண் தீர்மானிப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒன்று தீர்மானிக்கிறது. ‘அங்க இருந்தா யாருக்கும் வித்தியாசமா தெரியாது’ என்று அந்தப் பெரியவர் சொன்னதையும் இதோடு சேர்த்துத்தான் நாங்கள் படிக்கிறோம். அவரைத் தனிப்பட்ட முறையில் குற்றம் சாட்டி நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருடைய கண் எங்கே பழக்கப்பட்டது என்று புரிந்துகொள்வதுதான் நம் வேலை.

தொட்டி போன பிறகு அடுக்ககத்தின் மதிலில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதித்தார்கள். மூன்று மதத்துச் சாமிகளும் உண்டு. கீழே தரையில் கோலம். ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று எழுதக்கூடத் தேவைப்படவில்லை, அந்தச் சுவருக்குக் கீழே ஒரு காகிதம் விழுவதில்லை. இதைப் பார்த்த எங்கள் பையன்கள், படிப்பகச் சுவரில் ஏற்கெனவே இருந்த பாபாசாகேப் படத்துக்குப் புது வண்ணம் அடித்தார்கள். நீலக் கோட்டு, கையில் புத்தகம், நல்ல பெரிய படம். பத்து நாள் தாங்கவில்லை. தொட்டி நிரம்பிய ஒரு நாள், பைக்கில் வந்தவர்கள் பைகளை அந்தப் படத்துக்குக் கீழேயே வீசிவிட்டுப் போனார்கள். வேண்டுமென்றே போட்டார்களா, அவசரத்தில் போட்டார்களா, தெரியாது. ஆனால் சாமிப் படத்துக்குக் கீழே அந்த அவசரம் யாருக்கும் வருவதில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒரு தெருவில் நடப்பதுதான் பெரிய அளவில் நகரம் முழுக்க நடக்கிறது. சென்னை மாநகராட்சிக்கு 15 மண்டலங்கள், 200 வார்டுகள். இத்தனை வார்டுகளின் குப்பையும் பல பத்தாண்டுகளாக முக்கியமாக இரண்டு இடங்களுக்குத்தான் போனது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோதுதான் பலருக்கு அப்படியொரு இடம் இருப்பதே நினைவுக்கு வந்தது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-ல் மக்கள் கைகோத்து நின்றார்கள். நகரத்தின் பார்வையிலிருந்து தொட்டியை எடுத்துவிட்டால் குப்பை மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் மூச்சுக்குப் போகிறது.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களையும் இதே வழியில்தான் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பினார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020-ல் அங்கே சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். ஓவியங்கள் அழகானவை, அங்குள்ள பிள்ளைகளுக்கும் அவை பிடித்திருக்கின்றன. அவற்றை அழிக்கச் சொல்லி நாங்கள் கேட்கமாட்டோம். ஆனால் படம் எடுக்க வந்தவர்கள், சுவருக்குப் பின்னால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டார்களா? தொட்டிக்குப் புது வண்ணம் அடிப்பதும் சேரிக்குப் புது வண்ணம் அடிப்பதும் ஒரே புத்தியிலிருந்து வருகிறதா என்று நாம் யோசிக்க வேண்டும்.

2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னம் ஒரு மூக்குக்கண்ணாடி, காந்தியாருடையது. துடைப்பமோ கையோ அந்தச் சின்னத்தில் இல்லை. பார்க்கிறவரின் கருவிதான் சின்னம். நகரங்களை வரிசைப்படுத்தும் போட்டிகளும் வந்துவிட்டன. ‘தொட்டி இல்லா நகரம்’ என்பது இப்போது பெருமைக்குரிய முழக்கம். வீட்டு வாசலிலேயே தரம் பிரித்து வாங்கிக்கொண்டால் தெருத் தொட்டி வேண்டாம் என்ற யோசனை கெட்டதல்ல. ஆனால் தொட்டியை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஆள் கூட்டாமல், இருக்கிறவரை இரண்டு மடங்கு வீடு ஏறச் சொன்னால், தெரு அழகாவதற்கான விலையை அந்த அக்காவின் முழங்கால்தான் கொடுக்கும்.

2025 ஆகஸ்ட் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நீதிமன்ற உத்தரவு, போக்குவரத்து, நடைபாதை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எங்கள் தெருவிலிருந்தும் போயிருந்தார்கள். திரும்பி வந்த ஒரு பெரியம்மா சொன்னார்: ‘முப்பது வருஷமா ரோட்டுல இருக்கேன். வேலை செய்யும்போது யாரும் பாக்கல. உக்காந்த உடனே இடைஞ்சலா தெரிஞ்சிட்டோம்.’ தொட்டியும் அவரும் ஒரே மாதிரிதான் பார்க்கப்படுகிறார்கள். நிரம்பி வழிந்தால் மட்டும் கண்ணில் படுகிறார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதலில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இரவோடு இரவாகத் தொட்டியை அடுக்ககத்தின் கேட்டுக்கே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடலாம் என்று இளைஞர்களில் பாதிப் பேர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்போது தூய்மைப் பணிக்குப் போகும் பெண்கள்தான் குறுக்கே வந்தார்கள். ‘நீங்க தள்ளுவீங்க. காலையில சூப்பர்வைசர் எங்கள திருப்பித் தள்ளச் சொல்லுவான். அதான் நடக்கும்.’ இன்னொரு கேள்வியும் அவர்கள் கேட்டார்கள். இங்கிருந்து எடுக்கச் சொல்லி நாம் ஜெயித்தால் அது அடுத்த போர்டின் முனைக்குப் போகும், அங்கே இருப்பவர்கள் யார்? அதற்குப் பிறகு எங்கள் கோரிக்கையின் மொழி மாறியது. ‘எங்கள் தெருவிலிருந்து எடு’ என்பதை அடித்துவிட்டு, ‘எந்த அளவுகோலில் வைத்தாய், சொல்’ என்று எழுதினோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டோம். வார்டில் தொட்டிகள் எங்கெங்கே உள்ளன, இடத்தை முடிவு செய்யும் விதி எது, எங்கள் தொட்டியை மாற்றிய உத்தரவின் நகல் எங்கே என்று கேட்டோம். அப்படியொரு உத்தரவு ஆவணமாக இல்லை என்று பதில் வந்தது. வாய்மொழியில் ஒரு தெருவின் பெயரை மாற்றிவிட முடிகிறது என்பதற்கு அந்தப் பதிலே ஆவணம். அதையும் பிள்ளைகளின் நோட்டையும் எடுத்துக்கொண்டு பகுதி சபைக்குப் போனோம். பேசியது அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். அழவில்லை, கத்தவில்லை. தன் தெருவின் பெயரைச் சொல்லி, ‘இதுதான் எங்க அட்ரஸ்’ என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

முடிவில் பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சிறிய தொட்டிகள், ரோட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று ஒப்புக்கொண்டார்கள். வந்தன. ஒரு மாதத்தில் அந்தப் பக்கத்துத் தொட்டி ‘ரிப்பேருக்கு’ப் போனது, இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது மனு எழுதியிருக்கிறோம். எங்கள் பக்கத்துத் தொட்டிக்கு மூடி இருக்கிறது, படிப்பகத்திலிருந்து தள்ளி நிற்கிறது, தினமும் இரண்டு முறை அள்ளுகிறார்கள். இவ்வளவுதான் இதுவரை.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களுக்குச் சட்டம் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைப் பிரித்துக் கொடுப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை என்று சொன்னது. சானிட்டரி நாப்கினையும் டயப்பரையும் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும் என்றது. அள்ளுகிறவருக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் கிடைப்பதை உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும் என்றது. அடுக்ககத்துக்கும் போர்டுக்கும் கடமை ஒன்றே. இரண்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, தலித், பழங்குடி மக்களை அவமதிக்கும் அல்லது தொல்லை செய்யும் நோக்கத்தோடு அவர்கள் வசிக்கும் பகுதியில் கழிவைக் கொட்டுவதைக் குற்றம் என்கிறது. ஒரு தொட்டியை இடம் மாற்றியதில் அந்த நோக்கத்தை நிரூபிப்பது எளிதல்ல, எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தை நீட்டவும் கூடாது. ஆனால் நம் வாசலில் குப்பை கிடப்பது தற்செயலாக இல்லாமலும் இருக்கலாம் என்பதை இந்த நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை எழுதி வைத்திருக்கும்போது நாம் ஏன் அதைப் பேசத் தயங்க வேண்டும்?

உங்கள் வார்டிலும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தொட்டி எங்கே நிற்கிறது, யார் வீட்டிலிருந்து எத்தனை அடி, மூடி இருக்கிறதா, எத்தனை முறை அள்ளுகிறார்கள், அதற்கு முன்பு எங்கே இருந்தது, ஏன் மாறியது என்று எழுதுங்கள். அள்ளுகிறவரிடம் பேசுங்கள், முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். அவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தமா, சம்பளம் எவ்வளவு கைக்கு வருகிறது என்று கேளுங்கள். எழுதியதைப் பகுதி சபைக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள். இரண்டாவது மனுவோடு உங்கள் நோட்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

ஜெய் பீம்.